வவுனிக்குளத்தில் விரால்: ஒன்பது மாதத் தூண்டில் அனுபவம்

மாசி மாதத்தில் பதினொரு நாள், இலங்கையின் வன்னியிலுள்ள வவுனிக்குளத்துக்குப் போனேன். கிடைத்தவை இரண்டு விரால். ஆவணியில் ஆறு நாள்தான் போனேன், ஏழு கிடைத்தன. சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் விட்டுக் குளம் இறங்கியதால் மீன்கள் நெருங்கி நின்றன என்பது உண்மை. ஆனாலும் முழுக் காரணம் அதுவல்ல.

எங்கள் வீட்டில் தூண்டில் என்றால் ஒரு கம்பு, கொஞ்சம் தங்கூசி என்ற நைலோன் நூல், நாக்கிளிப்புழு என்ற மண்புழு. அதற்குத் திலாப்பியா விழும், விரால் எப்போதாவதுதான். போன வருடம் கனடாவிலிருந்து வந்த மச்சான், ரீல் பூட்டிய தூண்டில் ஒன்றையும் இரைக்குப் பதிலாகக் கட்டும் இரண்டு ரப்பர் தவளைகளையும் தந்துவிட்டுப் போனார். அவர் அங்கே பிடிப்பது ட்ரௌட். குளிர்ந்து ஓடும் நீரில் வாழும் மீன் அது. நம் நாட்டிலும் பிரித்தானியர் கொண்டுவந்து விட்ட ட்ரௌட், மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இருக்கிறது; வன்னியின் சூட்டுக்கு அது தாங்காது. ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நின்று, நீர் அடித்துக்கொண்டு வரும் பூச்சிகளை அது தின்னும் என்றும், அதனால் அதன் வால் பக்கமாக, கீழிருந்து மேல்நோக்கி நடந்து நெருங்க வேண்டும் என்றும் மச்சான் விளக்கினார். பாலியாற்றை மறித்துக் கட்டிய குளத்தில் ஓட்டம் ஏது? எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன். "எறிவதற்கு முன் கால் மணி நேரம் நின்று பார்" என்று அவர் சொன்னதையும் சேர்த்து ஒதுக்கியதுதான் தவறு.

பங்குனி முழுவதும் எறிந்துகொண்டே இருந்தேன். தாமரை இலைகளுக்கு நடுவே நூறு தடவை எறிந்தால் ஒன்றாவது அகப்படும் என்று நம்பினேன். சித்திரையில் ஒரு விடியற்காலை, வலை எடுக்க வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, விரால் மூச்சு வாங்க மேலே வரும். வருகிற இடத்தைப் பார்க்காமல் எதற்கு எறிகிறாய்?" என்றார்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. சேற்றுக்குள் கிடந்து கோடையைக் கடத்தும் மீன் என்று சிறு வயதிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அதைத் தூண்டிலோடு சேர்த்து நினைத்ததில்லை. அன்று முதல் குளக்கட்டில் அமர்ந்து பார்க்கத் தொடங்கினேன். திலாப்பியா துள்ளினால் தண்ணீர் சிதறும். விரால் எழுந்தால் 'ப்ளக்' என்று அடங்கிய ஓர் ஓசை, ஒரு வளையம், சில வேளை இரண்டு மூன்று குமிழிகள், அவ்வளவுதான். காற்றில்லாத காலையில்தான் அது கேட்கும். ஓரிடத்தில் எழுந்த மீன் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டத்திலேயே மறுபடியும் எழுந்தது. இரண்டாம் தடவை எழுந்த பிறகே எறிகிறேன்; வளையத்தின் மேலே அல்ல, அதைத் தாண்டி இரண்டு பாகம் தள்ளி (கைகளை விரித்த நீளம் ஒரு பாகம்). தலைமேல் விழுந்தால் ஓடிவிடும். தாண்டி விழுந்த தவளையை இலைமேல் ஏற்றி, நிறுத்தி, மெதுவாக இறக்கிக் கொண்டுவரும்போது பாய்கிறது. ரப்பர் தவளையின் கொக்கிகள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் கொடியில் மாட்டுவதில்லை.

அடுத்த பாடம் கைக்கு. தண்ணீர் வெடித்ததும் இழுத்துவிடுவேன். தவளை வெறுமையாக என் காலடிக்குப் பறந்து வரும். வைகாசியில் மட்டும் ஒன்பது மீன் இப்படிப் போயின. இப்போது நூல் இறுகி, பாரம் கையில் தெரிந்த பிறகே தூண்டிலை உயர்த்துகிறேன். மெல்லிய தங்கூசியையும் மாற்றிவிட்டேன். கவ்வியதும் விரால் தாமரைத் தண்டுகளுக்குள் புகுந்துவிடும்; அதை அங்கிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பின்னிய நூல் வேண்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று எறியாதீர்கள். நம் குளங்களில் முதலை இருக்கிறது. மாட்டிய தவளையை மீட்க இறங்குவதும் வேண்டாம். அது போனால் போகட்டும்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து ஐந்தாம் நாள், ஆழமில்லாத ஓரத்தில் நீரின்மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ நடுங்குவதைக் கண்டேன். விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒரு பாயளவு அகலத்தில். அடியில் தாய்தகப்பன் காவல் நிற்கும். குஞ்சுகளின் பக்கம் எது வந்தாலும் பாயும் என்பதால், ஆண்டிலேயே மிக எளிதாகப் பிடிபடும் நேரம் இதுதான். அந்தக் காவலை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளை மாலைக்குள் தின்று முடித்துவிடும். கூட்டம் மெல்ல நகர்ந்தது. இரண்டு தடவை பெரிய வளையம் எழுந்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாத மீன். எறியும் தூரம்தான். ரீலைச் சுற்றி நூலை எடுத்துக்கொண்டு, கூட்டம் கோரைப் புல்லுக்குள் மறையும்வரை குளக்கட்டில் இருந்து பார்த்தேன்.

தூண்டில் இப்போது வீட்டுச் சுவரில் இருக்கிறது. குஞ்சுகள் பிரிந்து போன பிறகு, தை மாதம் எடுப்பேன்.