செவ்வாய்க்கிழமையும் அமாவாசையும்

பள்ளி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் கணக்கு டீச்சரின் வருகைப் பதிவேடு. ஓரம் பிய்ந்த நீல அட்டை. வராதவர்களுக்கு உள்ளே சிவப்பு மையில் ஒரு சுழி.

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண். மாதத்தில் சில நாட்கள் சேர்ந்தாற்போல் வரமாட்டாள். மற்ற ஆசிரியர்கள் முட்டி போட வைப்பார்கள். கணக்கு டீச்சர் ஒருநாள் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் போய் நின்றார். விரலால் ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். சுழிகளெல்லாம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே விழுந்திருந்தன. கடல் நன்றாக வற்றும் நாட்கள் அவை. அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போயிருக்கிறாள்! திரும்பி வரும் நாட்களில் அவள் விரல்களைப் பார்த்திருக்கிறேன். துணிக்கிழிசல் சுற்றியிருந்த தடம் வெளுத்திருக்கும், பாறை கீறிய இடங்களில் உப்பு ஏறிச் சிவந்திருக்கும். பென்சிலை இரண்டு விரலால்தான் பிடிப்பாள்.

அதற்குப் பிறகு கணக்குத் தேர்வு அந்த நாட்களில் வந்ததே இல்லை. டீச்சர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, தேதியை மட்டும் மாற்றிக்கொண்டார்.

நான் மதுரையில் மருத்துவமனை நிர்வாகம் படித்து, அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். படுக்கை காலியா, டூட்டிக்கு ஆள் வந்தாச்சா, சிலிண்டர் இறங்கியாச்சா, இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்ததா என்று பொழுது ஓடிவிடும். பிடித்த வேலைதான். ஓடினால் பலன் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும்.

ஓர் இரவு நம் கடற்கரையிலிருந்து ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவந்தார்கள். கடலுக்குப் போன கணவர் கரையேறும்வரை வீட்டில் காத்திருந்தார்களாம். பிறகு ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை. குழந்தையைக் காப்பாற்றினோம், தாயைக் காப்பாற்ற முடியவில்லை. மறுவாரம் கோப்பைச் சரிபார்த்தது நான். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நிமிடத்தில் டாக்டர் பார்த்தார், ரத்தம் எப்போது ஏற்றினோம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. எங்கள் பக்கம் தாமதம் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். உண்மையும் அதுதான். ஆனால் அந்தப் படிவத்தில் அந்தப் பெண்ணின் கதை வாசலுக்கு வந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் கழிந்த பொழுதை எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

தாய்மரணத்துக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-லேயே எழுதியிருந்தார்கள். போகலாமா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. நான் சரிபார்த்தது மூன்றாவதை மட்டும். இதை நான் படித்தது பல வருடம் கழித்து, பிரிட்டனில்.

அங்கே அரசு மருத்துவமனை ஒன்றில் புறநோயாளிப் பிரிவு மேலாளராக இருந்தேன். பரிந்துரைக்கப்பட்டவர்களில் 92 சதவீதம் பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அங்குள்ள இலக்கு. குறித்த நாளில் வராதவரைத் திருப்பிக் குடும்ப மருத்துவரிடமே அனுப்பிவிடுவோம், பட்டியல் குறையும். ‘வரவில்லை’ என்ற அந்தப் பத்தியைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சரின் சிவப்புச் சுழி ஞாபகம் வந்தது. இவர்கள் யார், ஏன் வரவில்லை என்று கூட்டத்தில் கேட்டேன். அது நம் வேலை இல்லை என்றார்கள். சரி, அது யார் வேலை என்று தேடிக்கொண்டு போனதுதான் என்னைச் சுகாதாரக் கொள்கை ஆய்வில் கொண்டுவிட்டது.

38 வயதில் புள்ளியியலை மறுபடி முதலிலிருந்து படித்தேன். சம்பளம் குறைந்தது. ஒரு கேள்விக்கு விடை வர இரண்டு வருடம் ஆகும் என்பதைப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் பிடித்தது. ஆனால் வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் எழுதியதைப் படித்த அன்று, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று தோன்றியது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று சொன்னவர் அவர்.

நம் ஊரிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது, அதை இங்கே உரக்கவே சொல்கிறேன். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மருந்து தீர்ந்த பிறகு ஓடியே பழகிய எனக்கு, தீராமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு செய்ய முடியும் என்பதே பெரிய பாடம்.

போன விடுமுறையில் சின்னப்பாலம் போனேன். தோழி கரையில் உட்கார்ந்து விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “மூத்தவ வயித்துல இருக்கையில ஆறு மாசம் வரைக்கும் இறங்குனேன்டி. செக்கப் செவ்வாக்கிழமை. அன்னைக்குன்னு பாத்து தண்ணி வத்தும்” என்றாள்.

அவள் சொன்னதை அன்றிரவு காலண்டரில் போட்டுப் பார்த்தேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் பதினைந்து நாளுக்குச் சற்றுக் குறைவு. ஒரு செவ்வாயன்று அமாவாசை வந்தால், இரண்டு வாரம் கழித்து வரும் செவ்வாய் பௌர்ணமியை ஒட்டியே விழும். ‘நாலு வாரம் கழித்து வா’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது மறுபடியும் வற்றும் நாள்தான். முதல் செவ்வாய் அப்படி அமைந்துவிட்ட பெண்ணுக்குத் தொடர்ந்து மூன்று நான்கு மாதம் கூலியா, பரிசோதனையா என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு வாரம் தள்ளி எழுதினால் இரண்டும் மோதாது.

மறுநாள் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் இதைக் காட்டினேன். அவர் சுவர்க் காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்து, “எந்தெந்த நாள்னு நீங்களே வட்டம் போட்டுக் கொடுங்கக்கா” என்றார். சிவப்புப் பேனாதான் கையில் இருந்தது.

வட்டம் போட்டது தோழி சொல்லச் சொல்லத்தான். அமாவாசைக்கு முன்னால் எத்தனை நாள், பின்னால் எத்தனை நாள், கச்சான் காற்றுக் காலத்தில் எப்படி மாறும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும் என்கிறாள். இதைப் படிப்பவர்களில் பாசி எடுக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் யார் இருந்தாலும், உங்கள் கரையில் எந்தெந்த நாட்கள் என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது மண்டபம் ஊர் வரைக்குமாவது அந்தக் காலண்டரைப் போட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.