இடைக்காட்டூரில் ஒரு திருவருகைக் காலம்

டிசம்பர் பிறந்துவிட்டால் மதுரை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் கால் வைக்க முடியாது. எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸ் பட்டியல் நீளும். பிள்ளைகளுக்குத் துணி, புது ஸ்டார், சீரியல் செட், கேக்குக்கு முன்பணம், அக்கம்பக்கத்துக்குப் பலகாரம், மாமனார் வீட்டுக்கு ஒரு நடை. 24ஆம் தேதி இரவுப் பூசையில் பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள் என்றால் மார்கழிக் குளிரைக் குறை சொல்ல வேண்டாம். எல்லாம் அலைச்சல்தான்.

இந்த முறை பாதிப் பட்டியலை அப்படியே விட்டுவிட்டு, ஒரு வேலைநாளில் நானும் மனைவியும் இடைக்காட்டூர் கிளம்பினோம். மாட்டுத்தாவணியில் மானாமதுரை பஸ் ஏறி, சிலைமான், திருப்புவனம் தாண்டி முத்தனேந்தலில் இறங்கி உள்ளே போக வேண்டும். மதுரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்.

வயலும் கருவேல மரமுமாகப் போய்க்கொண்டே இருக்கும்போது, பிரான்சு நாட்டிலிருந்து பெயர்த்து வைத்ததுபோல் செக்கச்செவேல் என்று நிற்கிறது திருஇருதய ஆலயம். 1894இல் பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு கட்டியது. ரீம்ஸ் நகரப் பேராலயம்தான் மாதிரி. ஆனால் கட்டியது இந்த மண்ணில் வார்த்த செங்கல்லால். தூணுக்கு ஒரு வார்ப்பு, வளைவுக்கு ஒரு வார்ப்பு, பூவேலைக்கு வேறொன்று. ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்தேன். விளிம்பு மழுங்காமல் அப்படியே இருக்கிறது. இத்தனை அச்சு செதுக்கி, சுட்டு, அடுக்கியவர்கள் அவசரப்பட்டிருக்க மாட்டார்கள்.

பீடத்தில் ஊதா விரிப்பு. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறும் பூசையில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. அதை அடக்கிவைத்து, பிறப்பு இரவில் மணி முழங்கப் பாடுவார்கள். திருச்சபை நம்மைக் காத்திருக்கச் சொல்கிற நாட்கள் இவை. கடைகளோ டிசம்பர் முதல் தேதியே பிறப்பு விழாவைத் தொடங்கி, 25 மதியத்தோடு மூட்டை கட்டிவிடுகின்றன. நாமும் கடைக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டோம்.

ஒரு ஓரத்தில், மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் கிறிஸ்துமஸ் குடில் போட்டுக்கொண்டிருந்தார். சேற்றில் முக்கியெடுத்த சாக்கைச் சவுக்குக் கம்பின் மேல் போர்த்தி மலை செய்திருந்தார். அகலத் தட்டில் முளைவிட்ட கேழ்வரகு, புல்தரைக்காக. பக்கத்து வயலிலிருந்து வந்த வைக்கோலில் இன்னும் ஈர வாடை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலிலும் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. சீரியல் செட் எல்லாம் நம் சேர்க்கை.

மாதா இருந்தார், சூசையப்பர் இருந்தார். தீவனத் தொட்டி மட்டும் காலியாகக் கிடந்தது.

"குழந்தையை இன்னும் வைக்கலையாய்யா?" என்று கேட்டாள் மனைவி.

"இருபத்தி நாலு ராத்திரிக்கு முன்னாடி எப்படிம்மா வைக்கிறது? பிறக்கட்டும், அப்புறம் படுக்க வைப்போம்" என்றவர் என்னைப் பார்த்து, "தம்பி, அந்த வைக்கோலைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். லூக்கா நற்செய்தி சொல்லும் பெத்லகேமிலும் நெரிசல்தான். விடுதியில் இடமில்லை. ஆனால் அந்த அலைச்சலை மாதாவும் சூசையப்பரும் கேட்டு வாங்கவில்லை. குடிக்கணக்கு எடுக்கச் சொல்லி ஆணை போட்டவர் ரோமைப் பேரரசர் அகுஸ்து சீசர். நம் அலைச்சலுக்கு எந்த ராயன் ஆணை போட்டான்? புதுத்துணியும் கேக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகள் விடவும் மாட்டார்கள். எல்லாவற்றையும் 24க்குள் முடித்தாக வேண்டும் என்பதுதான் ஏன் என்று புரியவில்லை. பிறப்புக்காலம் ஜனவரியில் வரும் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரைக்கும் இருக்கிறதே. குழந்தையைப் பார்க்க மூன்று ராஜாக்களே பின்னால்தானே வந்தார்கள்!

திரும்பும் பஸ்ஸில் அதையே பேசி முடிவு செய்தோம். உறவுக்காரர் வீடுகள், பலகாரம் கொடுப்பது எல்லாம் பண்டிகைக்குப் பிறகு. அதற்கு முன் வரும் சாயங்காலங்களில் வீட்டில் ஜெபமாலை, லூக்காவில் இரண்டாம் அதிகாரம், அவ்வளவுதான். சிலைமான் வருவதற்குள் மனைவி தன் சித்திக்குப் போன் போட்டுவிட்டாள்.

"சித்தி, இந்தத் தடவை மூணு ராஜா திருநாளுக்குத்தான் வருவோம். கோவிச்சுக்காதீங்க."

"இதுல என்னடி கோவம்? அப்ப கறி விலையும் இறங்கியிருக்கும். நிம்மதியா வாங்க."