தாத்தாவின் ரைஃபிளில் துளை போடலாமா?

குடும்பத்தின் மூத்தவர் ஒருவருடைய பழைய ரைஃபிள் முறைப்படி உரிமம் மாறி நம் கைக்கு வந்து சேர்ந்ததும், கேட்காமலேயே ஆலோசனைகளும் வந்து சேர்ந்துவிடுகின்றன. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் இல்லாத ரைஃபிளை இந்தக் காலத்தில் யார் வைத்துக்கொள்கிறார்கள், மரக்கட்டையைக் கழற்றிவிட்டு இலகுவான செயற்கைக் கட்டையைப் போடு, குழலுக்குப் புதிதாக மெருகு ஏற்று என்பார்கள் ஒரு சாரார். ஒரு திருகைக்கூடத் தொடாதே, தொட்டால் மதிப்புப் போய்விடும் என்பார்கள் இன்னொரு சாரார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் மாற்றச் சொல்பவர்கள் எதை இழக்கப்போகிறோம் என்று கேட்பதில்லை. மாற்றாதே என்பவர்கள் எந்த நிலையைக் காப்பாற்றப்போகிறோம் என்று கேட்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஏனெனில், இப்படி வழிவழியாக வரும் ரைஃபிள்களில் பல, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே நம்மிடம் வந்து சேர்வதில்லை.

என் தந்தை வழியாக எனக்கு வந்தது 98 மாதிரி மௌசர். 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பைப் பின்பற்றிப் பல நாடுகளின் ராணுவங்களுக்காகப் பல தொழிற்சாலைகளில் ரைஃபிள்கள் செய்யப்பட்டன. இரண்டு உலகப் போர்களுக்கும் பிறகு மௌசர், லீ-என்ஃபீல்டு, ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற ராணுவ ரைஃபிள்கள் மிச்சச் சரக்காகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டபோது, வாங்கியவர்கள் குழலின் நுனிவரை நீண்டிருந்த முன்கட்டையை வெட்டி, கைக்காப்பு மரத்தை நீக்கி, பயனெட் என்ற குத்துக்கத்தியை மாட்டும் இரும்பைக் கழற்றி, எடையைக் குறைத்து வேட்டைக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். அன்று யாரும் அதை அழிவு வேலையாகக் கருதவில்லை; மலிவாகக் கிடைத்த நல்ல எஃகைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியாகவே அது இருந்தது. வெட்டப்படாமல் முழுமையாக எஞ்சியவை குறைந்துபோன பிறகுதான் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடத் தொடங்கினார்கள், வெட்டப்பட்டவற்றின் சந்தை மதிப்பும் சரிந்தது.

என் தாத்தாவும் தம்முடைய மௌசரை அப்படித்தான் வெட்டினார். முன்கட்டையின் வெட்டிய நுனியை அவரே அரத்தால் உருட்டியிருக்கிறார். இடப்பக்கச் சரிவு வலப்பக்கத்தைவிடச் சற்றுச் செங்குத்தாக இருக்கிறது, விரலால் தடவினால்தான் தெரியும். ரைஃபிளை ஒரு கையில் தொங்கவிட்டு நடக்கும்போது எடை சமமாக நிற்கும் இடமான, தோட்டாக்கள் அடுக்கும் மேகசினின் அடித்தகட்டில் கருநீல மெருகு முழுவதும் தேய்ந்து வெறும் எஃகின் சாம்பல் நிறம் தெரிகிறது. கன்னம் படியும் இடத்தில் மரம் மற்ற இடங்களைவிடக் கறுத்திருக்கிறது. பழைய ராணுவக் கட்டை ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தி, ரைஃபிளை அதன் ‘உண்மையான’ நிலைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று என்னிடம் அக்கறையோடு சொன்னவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கிடைப்பது வேறொரு ரைஃபிளின் மரத்தைப் போர்த்திக்கொண்ட ஒரு தோற்றம் மட்டுமே. உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, தேர்ந்த கண் உள்ள எவரும் அதை ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார். அதற்கு விலையாகப் போவதோ, உலகில் வேறெந்த மௌசரிலும் இல்லாத அந்தக் கோணலான சரிவு. ஆகவே, நமக்குக் கொடுத்தவரின் கையிலிருந்து வந்த நிலைதான் காக்கப்பட வேண்டிய நிலை என்பது என் முடிவு. அவர் அதை ராணுவ வடிவத்திலேயே வைத்திருந்தால் அந்த வடிவம். வெட்டியிருந்தால் வெட்டிய வடிவம்.

ஆனால் இந்த விவாதத்துக்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த ரைஃபிள் சுடுவதற்குப் பாதுகாப்பானதா? எத்தனை வருடங்கள் அது சுடப்படாமல் கிடந்தது, யார் எந்த உறுப்பைக் கழற்றி மாட்டினார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். அது அளவுக்கு மீறினால், சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பின்பகுதிக்கு அருகில் நீண்டு கிழியவும், சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் பாயவும் வாய்ப்புண்டு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; துப்பாக்கி வேலை தெரிந்த கைவினைஞர் அதற்கான அளவுகோல்களைச் சேம்பருக்குள் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். லீ-என்ஃபீல்டு 4-ஆம் எண் ரைஃபிளில் இந்த இடைவெளியைச் சரிசெய்வதற்காகவே போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்ட அளவுகளில் செய்யப்பட்டன. ஒரு லீ-என்ஃபீல்டின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை அவசியம் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்தத் தோட்டா என்பதையும் ஊகத்துக்கு விட்டுவிடக் கூடாது. 8 மில்லிமீட்டர் மௌசர் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் இருக்கின்றன: 1888-ஆம் ஆண்டுத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 8.08 மில்லிமீட்டர் விட்டமுடையது, 1905-இல் வந்த புதிய குண்டு 8.20 மில்லிமீட்டர். பழைய குறுகிய குழலில் புதிய குண்டைச் சுட்டால் உள்ளழுத்தம் அபாயகரமாக உயரும். இடையில் யாராவது சேம்பரை வேறு தோட்டாவுக்காகக் குடைந்திருந்தால், குழலின் மேல் பொறித்திருப்பதும் பொய்யாகிவிடும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, கொதிநீரின் வெப்பத்துக்கும் குறைவான வெப்பத்தில் உருகும் செரோசேஃப் என்ற உலோகக் கலவையைச் சேம்பரில் வார்த்து, ஆறியதும் எடுத்து அளந்து பார்க்கிறார்கள். இன்னும் சில ரைஃபிள்களில் குறை எஃகிலேயே இருக்கும். அமெரிக்க 1903 ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையின் 8,00,000-க்குக் கீழான வரிசை எண்களும் ராக் ஐலண்டு தொழிற்சாலையின் 2,85,507-க்குக் கீழான வரிசை எண்களும் உள்ளவை, எஃகைப் பழுக்கக் காய்ச்சும்போது வெப்பத்தைக் கண்ணால் மதிப்பிட்ட காலத்தவை. அவற்றில் சிலவற்றில், குழலையும் போல்ட்டையும் தாங்கும் உடற்பகுதியான ரிசீவர் அளவுமீறிச் சூடேறி நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. 1918-இல்தான் அந்த முறை மாற்றப்பட்டது. அப்படிப்பட்ட ரைஃபிள் ஒன்று வீட்டுக்கு வந்திருந்தால் அதைச் சுடாமல் பார்த்துப் பாதுகாப்பதே தகும். அதற்கு ஸ்கோப் வைப்பதா, புதுக் குழல் போடுவதா என்ற பேச்சே எழ வேண்டியதில்லை.

பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகு, எந்த வேலையைப் பற்றியும் நான் கேட்பது ஒன்றுதான்: இதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? திருகைக் கழற்றி மாற்றும் எந்த உறுப்பையும் மறுபடி மாட்டிவிடலாம். உலோகத்தையோ மரத்தையோ நீக்கும் எந்த வேலையையும் மீட்க முடியாது. ரிசீவரின் மேல் துளையிட்டு மரை வெட்டுவது, குழலைக் குறுக்குவது, பின்கட்டையின் அடியை அறுத்து ரப்பர் வைப்பது எல்லாம் இரண்டாம் வகை. பலர் கவனிக்காமல் விடுவது, மெருகு போடுவதும் அந்த இரண்டாம் வகைதான் என்பதை.

இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சேதங்களில் இதுவே முதலிடம் பெறும் என்பது என் எண்ணம். பழைய குழலில் காணும் கருநீலம் பெயின்ட் போல மேலே பூசியது அல்ல. பழைய முறையில், எஃகை மெல்லத் துருப்பிடிக்க வைத்து, நீரில் கொதிக்க வைத்து, மேலே படிந்ததைத் தேய்த்தெடுத்து, இதையே பல முறை செய்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள். இன்று பரவலாக உள்ள முறை, காரமும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிக்கும் தொட்டியில் உறுப்புகளை முக்குவது. எந்த முறையானாலும் புதிய நிறம் ஏற்றுவதற்கு முன் பழைய மேற்பரப்பை வழித்து மெருகிட்டாக வேண்டும். அந்த மெருகுச் சக்கரம்தான் கூரான விளிம்புகளை மழுக்குகிறது, எழுத்துகளையும் சோதனை முத்திரைகளையும் கரைக்கிறது, திருகுத் துளைகளின் ஓரத்தைக் கிண்ணம் போலக் குழித்துவிடுகிறது. கட்டைக்கும் இதே கதிதான். உப்புத்தாளால் தேய்த்தால் மரத்தில் குத்திய முத்திரைகள் போய்விடும், மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்து நிற்கும். மரத்தில் உள்ள பள்ளங்கள் உறுத்தினால், ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஒற்றினால் நசுங்கிய நார்கள் நீராவியில் எழும்பிவிடும், எதையும் நீக்க வேண்டியதில்லை. பிறகு ஆளி விதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவினாலே போதும்; மேலே பாலியூரித்தேன் பூசிப் பளபளக்கச் செய்ய வேண்டாம். துரு தெரிந்தால் எண்ணெயும் மிக மென்மையான எஃகுப் பஞ்சும் கொண்டு பொறுமையாக எடுக்கலாம். துரு போகட்டும், சாம்பல் நிறம் இருக்கட்டும்.

உண்மையான இழுபறி ஸ்கோப்பில்தான். வயது ஏற ஏற, பின்னால் உள்ள குறிகாட்டி, முன்னால் உள்ள குறிகாட்டி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண்பது கடினமாகிறது. வேட்டை விலங்கைக் காயத்தோடு ஓடவிடாமல் ஒரே குண்டில் வீழ்த்த வேண்டும் என்ற பொறுப்பு உள்ளவர் ஸ்கோப் கேட்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய மௌசரில் ஸ்கோப் வைப்பது ஒரு வேலையோடு நிற்பதில்லை. ரிசீவரில் துளை போட்டதும், நேரான போல்ட் கைப்பிடி மேலே தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கும், அதை வெட்டி வளைக்க வேண்டும். போல்ட்டின் பின்னால் மேலே எழும்பித் திரும்பும், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியும் இடிக்கும், அதையும் மாற்ற வேண்டும். குறிகாட்டிகளுக்காகத் தாழ்வாகச் செய்த கட்டையில் கன்னத்தை வைத்தால் கண் ஸ்கோப்பின் உயரத்துக்கு எட்டாது, ஆகவே கட்டையும் போகும். ஒரு துளையில் தொடங்கியது, பழைய ரைஃபிளில் ரிசீவரை மட்டும் மிச்சம் வைத்து முடிகிறது. வின்செஸ்டர் 94 என்ற அமெரிக்க ரைஃபிளின் பழைய மாதிரிகளிலோ வெற்றுக் கூடு நேர் மேலே எகிறும், குழலுக்கு நேர் மேலே ஸ்கோப்புக்கு இடமே கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் கூடு பக்கவாட்டில் விழும்படி வடிவத்தை மாற்றிய பிறகுதான் அது எளிதானது.

துளை போடாத வழிகளும் இருக்கின்றன. மௌசர், ரஷ்ய ராணுவ ரைஃபிளான மோசின்-நாகாந்த் ஆகியவற்றின் பின் குறிகாட்டியைக் கழற்றி, அதே அடித்தளத்தில் பொருத்தும் தாங்கிகள் கிடைக்கின்றன. கண்ணிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கும் வகை ஸ்கோப்பை அதில் வைக்கலாம். தெளிவு சாதாரண ஸ்கோப்புக்கு ஈடாகாது, குறைந்த வெளிச்சத்தில் சிரமம்தான், இருந்தாலும் கழற்றினால் தடம் இருக்காது. கன்னத்துக்கு உயரம் வேண்டுமென்றால் கயிறு கோத்துக் கட்டும் தோல் பட்டை போதும். உதை அதிகமாக இருந்தால், கட்டையை அறுக்காமல் அதன் மேல் காலுறை போல மாட்டும் ரப்பர் உறை இருக்கிறது. இவையும் போதவில்லை என்றால், தூரச் சுடுதலுக்கு இன்றைய ரைஃபிள் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வதே சரி. பழைய மௌசருக்கு இவ்வளவு வேலையும் செய்ய ஆகும் செலவில் புதியதொன்று பல சமயங்களில் வந்துவிடும், அது நன்றாகவும் சுடும்.

இதற்காக எல்லாப் பழைய ரைஃபிளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்டபின் உப்பாக மாறிக் குழலுக்குள் படியும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும் என்பதை அறியாதவர்களின் குழல்கள் உள்ளே அரித்துப்போயிருக்கும். அப்படி, குண்டைச் சுழலவைக்கும் உட்புறச் சுருள் வரிகளே அழிந்த குழலை மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. முன்பே வேறு யாரோ துளையிட்டுவிட்ட ரிசீவரில் ஸ்கோப் பொருத்துவதிலும் இழப்பு ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் செய்யப்பட்டு, எந்த அடையாளமும் இல்லாமல், எந்தக் கதையும் தெரியாமல் வந்த ரைஃபிளை ஒருவர் தமக்கேற்ப மாற்றிப் பல ஆண்டுகள் பயன்படுத்தினால் அதுவும் ஒரு நல்ல வாழ்வுதான். இதற்கு நேர்மாறாக, 1964-இல் வடிவமைப்பு மாறுவதற்கு முந்தைய வின்செஸ்டர் 70 மாதிரி கெடாமல் வந்திருந்தால், அதில் கத்தி வைக்கும் முன் விவரமறிந்த ஒருவரிடம் காட்டியாக வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். குழலின் நீளத்தையோ தோட்டாவின் அளவையோ மாற்றுவதற்குப் பல நாடுகளில் அனுமதி வேண்டும். வரிசை எண்ணை மெருகிடும் சாக்கில்கூடச் சிதைப்பது கடுமையான குற்றமாகலாம். கைவினைஞரிடம் கொடுப்பதற்கு முன்பே இதை எழுத்து மூலம் உறுதிசெய்துகொள்வது நல்லது.

நான் என் மௌசரில் செய்தது கொஞ்சம்தான். தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் ஊசியை உந்துகிற ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, அதை மாற்றினேன். கட்டையில் பின்பக்கம் தோன்றியிருந்த மயிரிழை விரிசலுக்கு உள்ளிருந்து எபாக்சி செலுத்தினேன், வெளியே தெரியாது. திருகுகளை, அவற்றின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும்படி நுனி தட்டையாகத் தீட்டிய திருப்புளியால் மட்டுமே தொடுகிறேன். ஆப்பு வடிவ நுனியுள்ள சாதாரணத் திருப்புளி நழுவினால் திருகின் தலை கிழிந்துவிடும். பழைய ஸ்பிரிங்கை எண்ணெய்த் தாளில் சுற்றி, எந்த ரைஃபிளிலிருந்து எந்த மாதம் கழற்றியது, ஏன் கழற்றியது என்று எழுதிய சீட்டோடு ஒரு உறையில் வைத்திருக்கிறேன். முன்கட்டையை வெட்டியது தாத்தா என்பதையும் அதே சீட்டில் எழுதியிருக்கிறேன், ஏனெனில் எனக்குப் பிறகு அதைப் பெறுபவரிடமும் யாராவது பழைய ராணுவக் கட்டையைத் தேடி வாங்கச் சொல்வார்கள்.