60 சென்ட் மல்லி

என் வீட்டுக்காரர் போனது சித்திரையில். மல்லி அள்ளிக் கொடுக்கும் நேரம். நெஞ்சு வலிக்கிறது என்றவரை வலையங்குளத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

மூன்று நாள் தோட்டத்துப் பக்கம் யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் இருட்டியதும் கொல்லைக் கதவைத் திறந்தேன். 60 சென்ட்டும் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தது. மல்லியை மொட்டாகப் பறித்தால்தான் காசு, விரிந்துவிட்டால் சீந்துவாரில்லை. அவருக்குப் போட்ட மாலையிலும் இதே வாசனைதான். கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை 4 மணிக்கு அத்தை எழுப்பினார். தன் மகன் தலையில் மாட்டுகிற டார்ச்சை என் கையில் கொடுத்து, "வா தாயி, செடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். 20 வருடமாகப் பூ வைக்காத தலை. பதினாறு முடியவில்லையே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நாங்கள் பறித்தோம். மதுரை மல்லிக்குக் காம்பு நீளம். அடியில் நகம் வைத்துக் கிள்ள வேண்டும், நினைப்பு வேறெங்கும் போகக்கூடாது. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மணி நேரம் அழாமல் இருந்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் தைரியமாக இரு என்றார்கள். தைரியத்துக்கு எங்கே போவது? 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆவணி வரை வந்தேன்.

அப்புறம் கார்த்திகையில் கவாத்து. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். கத்தரியை யாரையும் தொட விடமாட்டார். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, மேலே உள்ளதையெல்லாம் வெட்ட வேண்டும். முதல் செடிக்கே அரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டும்மா" என்றார். எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மாசியில் மொட்டு வந்தது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு நானே கொண்டுபோனேன். ஒன்றேகால் கிலோ. கமிஷன் கடைச் சிட்டையில் இன்னும் அவர் பெயர்தான் இருந்தது. "பேரை மாத்தி எழுதவா தங்கச்சி?" என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எழுதுங்கண்ணே" என்றேன். அவர் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டு என் பெயரை எழுதினார்.

ஒரு கைப்பிடி மொட்டை மட்டும் எடைக்குப் போடவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் கட்டி வைக்க வேண்டும்.