என் நிறுவனத்தின் பணம், எங்கள் ஊர்க் குளம்

நாகர்கோவிலை ஒட்டிய எங்கள் பகுதியின் சமூக அறக்கட்டளையில் அறங்காவலராகச் சேரச் சொல்லி அழைப்பு வந்தபோது, நான் ஒரு பெரிய நிறுவனத்தின் பொது விவகாரப் பிரிவில் மேலாளர். அரசு அலுவலகங்களிலும் ஊர்க் கூட்டங்களிலும் நிறுவனத்தின் சார்பில் பேசுவதே என் வேலை. அதனால் முதலில் அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதியைக் கேட்டேன். ஊதியம் உண்டா, நிறுவனத்தின் பெயர் பயன்படுத்தப்படுமா, கட்சித் தொடர்பு உண்டா என்று சட்டப் பிரிவு விசாரித்தது. எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு அறக்கட்டளையின் தீர்மானம், தன்னார்வ அமைப்புகளுக்கான அரசின் தர்ப்பண் தளத்தில் பெயர் சேர்ப்பு. அலைச்சல் இருந்தது, சிக்கல் இல்லை.

சிக்கல் குளத்தில் வந்தது. ஆகாயத்தாமரை மண்டி, மடைவரை தூர்ந்துபோன குளம். கீழே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளையும் ஏலா, அதாவது வயல்வெளி. தூர்வார, பெரிய நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சி.எஸ்.ஆர். நிதியைக் கேட்கலாம் என்று முடிவானது. அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளும் மூன்றாண்டுக்கு மேற்பட்ட செயல்பாடும் இருந்தன. இந்த நிதியைப் பெற்றுச் செலவிடும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்-1 பதிவும் முடிந்திருந்தது. விண்ணப்பிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் என் நிறுவனமும் இருந்தது.

"தம்பி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான சக அறங்காவலர்.

"அந்த வார்த்தையை நான் சொல்லக் கூடாது சார். நாளை இன்னொரு ஊர்க்காரர், ஆள் இருந்ததால்தான் கிடைத்தது என்றால், நம்மிடம் பதில் இருக்காது."

எங்களில் ஒருவரான வழக்கறிஞர் விதியை எழுதினார். அறங்காவலரின் வேலையிடமோ உறவினரோ சொந்தத் தொழிலோ சம்பந்தப்பட்ட பொருள் வந்தால், அதை முதலிலேயே அறிவிக்க வேண்டும். விவாதத்தில் இருக்கக் கூடாது, வாக்களிக்கக் கூடாது, அந்தக் காகிதங்களில் கையொப்பமிடக் கூடாது. நிறுவனத்திலும் இதே விவரத்தை எழுதிக் கொடுத்து, அந்தக் கோப்பு என் மேசைக்கு வராதபடி செய்துகொண்டேன்.

கூட்டத்தில், நிதியாண்டு முடிவதற்குள் வேலை முடியாவிட்டால் பணம் என்னவாகும் என்ற ஒரு சட்டக் கேள்விக்கு மட்டும் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொன்னேன். நிறுவனங்களின் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. பேச்சிப்பாறை அணை வழக்கமாகப் பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டு, சானல் வற்றிய பிறகே எங்கள் குளத்தில் இயந்திரம் இறங்க முடியும். அவசரப்பட்டுச் சேற்றில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. நிறுவனத்தின் இயக்குநர் குழு இதைத் தொடர் திட்டமாக அறிவித்தால், செலவாகாத தொகையை ஆண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். நிதி கேட்கும் எல்லா அமைப்புகளும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குளத்து வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் மார்ச் மாத அவசரம்தான்.

அதன்பின் செயலாளர் மினிட் புத்தகத்தில் என் பெயரையும் காரணத்தையும் நேரத்தையும் எழுதி, என் பக்கம் திருப்பினார். அந்த வரியின் ஓரத்தில் கையொப்பமிட்டு வெளியே போனேன்.

கேட்டதில் ஒரு பகுதியை நிறுவனம் தந்தது. மீதியை ஏலா விவசாயிகள் திரட்டினார்கள். நீர்வளத் துறையின் அனுமதியோடு அடுத்த கோடையில் வேலை நடந்தது. பயன்பாட்டுச் சான்றிதழில் செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிட்டார்கள். மறுகால் பக்கத்துக் கரை இன்னும் பாக்கி. அதற்கு வேறு இரண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.