"பாக்குறதில்ல மிஸ்"

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து, கையில் ஒரு கட்டுப் படிவத்தோடு தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஆய்வு வேலை. பெண்கள் உதைபந்தாட்டம் பற்றிய ஆய்வு. யார் விளையாடுகிறார்கள், யார் பார்க்கிறார்கள், பிள்ளைகள் ஏன் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள், இவ்வளவும் கேட்க வேண்டும். நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள், இதெல்லாம் தண்ணி பட்ட பாடு என்ற நினைப்பில் போனேன். அந்த நினைப்புதான் முதலில் காலை வாரியது.

படிவத்தில் பதினொன்றாவது கேள்வி: "நீங்கள் பெண்கள் உதைபந்தாட்டப் போட்டிகளைப் பார்ப்பீர்களா?" பறித்த கொழுந்தை எடை போடும் காலை நிறுவைக்காக வரிசையில் நின்ற பெண்களிடம் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே பதில். "பாக்குறதில்ல மிஸ், நமக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்." நானும் இல்லை, இல்லை என்று புள்ளடி போட்டுக்கொண்டே போனேன். மூன்று வாரத்தில் ஒரு கட்டுத் தாள் நிறைந்தது. மலையகத்தில் பெண்கள் விளையாட்டுக்குப் பார்வையாளர் இல்லை என்று அறிக்கையில் எழுத வேண்டிய வசனம்கூட மனதில் தயாராகிவிட்டது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். மலையில் கிரவுண்ட் என்றால் சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் நேரே கீழே தேயிலை. பந்து வெளியே போனால் கோட்டைத் தாண்டி நிற்காது, மலையிறங்கிப் போய்விடும். இரண்டு மரக்கம்பை நட்டு கோல் என்று வைத்திருந்தார்கள். நாலாம் நம்பர் பிள்ளை அடித்த பந்து அப்படித்தான் கீழே உருண்டு தேயிலைக்குள் போனது. போனது போனதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நிரைக்குள்ளிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு. அந்த அம்மா பந்தை எடுத்து, ஒட்டியிருந்த அட்டைப்பூச்சியை விரலால் சுண்டிவிட்டு, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார். கூடவே ஒரு சத்தம்: "ஏய் நாலாம் நம்பரு! இடது காலால அடிக்கத் தெரியாட்டி எதுக்குப் புள்ள அந்தப் பக்கம் ஓடுற?"

காலையில் என்னிடம் "பாக்குறதில்ல" என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பிழை என் கேள்வியில் இருந்தது, கொஞ்சம் என் கோலத்திலும் இருந்தது. கையில் பேனையும் தாளும் வைத்துக்கொண்டு நிறுவை நேரத்தில் வந்து நிற்கிறவள் யார்? தோட்டத்து ஆபீஸ் ஆள் மாதிரித்தானே தெரியும்? 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாவானபோது பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்துக் கிலோவும் கூடியது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அந்தக் கணக்குக்குள் வாழ்கிற ஒருவரிடம் போய் மெட்ச் பார்ப்பீர்களா என்று கேட்டால், வேலை நேரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பீர்களா என்றுதான் காதில் விழும். இன்னொன்றும் உண்டு. பார்க்கிறது என்றால் அவர்களுக்கு உட்கார்ந்து பார்க்கிறது. டிவி முன்னால் ஆம்பளைகள் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி. கை கொழுந்தில் இருக்க, கண் மட்டும் கிரவுண்டுக்குப் போய்வருவதற்கு அவர்களிடம் தனியாக ஒரு பெயர் இல்லை, என் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

பெரிய மைதானங்களில் பார்வையாளரை எண்ணுவது டிக்கெட்டை வைத்துத்தான். 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் 91,648 பேர் பெண்கள் மெட்ச் ஒன்றைப் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரிவது வாசலில் எண்ணியதால். "இப்பத்தான் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வருது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 1920 டிசம்பர் 26 அன்றே லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். சரியாக ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று மூடிவிட்டது. இந்த விளையாட்டு பெண்களுக்கு ஒவ்வாது என்றார்கள். அந்தத் தடை விலக ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. கூட்டம் இல்லாமல் ஆட்டம் நிற்கவில்லை, கூட்டம் நின்ற இடத்தைப் பூட்டினார்கள்.

விளையாடுகிற பிள்ளைகளிடமும் இதே கதைதான். நீ உதைபந்தாட்ட வீராங்கனையா என்று கேட்டால், "சும்மா பந்து அடிப்போம் மிஸ்" என்பார்கள், வலய மட்டம் வரை போன பிள்ளைகள்கூட. 1991இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஒரு மெட்ச் 80 நிமிஷம்தான், ஆண்களுக்கு மாதிரி 90 கொடுக்கவில்லை என்று ஒருநாள் சொன்னேன். ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கம்மா காலைல இருந்து பொழுது சாயும் வர மலையில நிக்குது, பத்து நிமிஷம் கூடுனா செத்தா போவாங்க?"

பூட்ஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு ஜோடிக்கு இரண்டு பேர். முதல் பாதி ஒருத்தி, இரண்டாம் பாதி இன்னொருத்தி. இடைவேளையில் கிரவுண்ட் ஓரத்தில் கால் மாறும். இரண்டாவது பிள்ளைக்குக் கால் சின்னது, அதனால் பத்திரிகைத் தாளை உருண்டை பிடித்து நுனியில் அடைப்பாள். யாரோ அண்ணன் போட்டுக் கழித்த ஆம்பளைப் பூட்ஸ் அது. அளவு இல்லாத பூட்ஸ் தோட்டத்துப் பிரச்சினை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2023இல் ஐரோப்பியக் கழகங்களின் சங்கம் முன்னணிப் பெண் ஆட்டக்காரர்களிடம் கேட்டபோது 82 சதவீதம் பேர் பூட்ஸ் உறுத்துகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆண் காலின் அச்சில் செய்த பூட்ஸ் அங்கேயும். அவர்கள் பேப்பர் அடைப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

பிள்ளைகள் ஏன் விளையாட்டை விடுகிறார்கள் என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓ.எல். பரீட்சை முடிந்ததும் ஒருத்தி கட்டுநாயக்க கார்மென்ட் தொழிற்சாலைக்கு, ஒருத்தி கொழும்பில் கடைக்கு. டீமில் ஆள் குறைந்தால் மிச்சப் பேரும் நின்றுவிடுவார்கள்.

பதினொன்றாவது கேள்வியை மாற்றலாமா என்று ஆய்வுப் பொறுப்பாளரிடம் போனில் கேட்டேன். நடுவில் கேள்வியை மாற்றினால் முதலில் எடுத்த தாளெல்லாம் வீணாகும் என்றார். அதுவும் நியாயம்தான். சரி என்று படிவத்தில் கை வைக்காமல், அடுத்த முறை நிறுவைக்குப் போகாமல், பொழுது சாய்ந்து தண்ணீர் விழும் பீலிக்கரையில் கால் கழுவும் நேரத்துக்குப் போனேன். தாளைப் பையில் வைத்துவிட்டு, "நம்ம டீம்ல யாருக்கா நல்லா அடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு மணித்தியாலம் பேசினார்கள். கோல் காக்கிற பிள்ளைக்கு உயரப் பந்து என்றால் பயமாம். ஏழாம் நம்பர் களைத்தால் வலது கையை இடுப்பில் வைக்குமாம். நாலாம் நம்பருக்கு இடது கால் வராது என்பது தோட்டத்தின் அந்த டிவிஷனுக்கே தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், இடம் போதாமல் பின்பக்கமும்.

கடைசி மெட்ச் அன்று படிவத்தில் "பார்வையாளர் எண்ணிக்கை" என்ற கட்டத்தை நிரப்ப, முதுகைக் கிரவுண்டுக்குக் கொடுத்துக் கீழே தேயிலையைப் பார்த்து நின்றேன். நிமிர்ந்த தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்தொன்பதில் பனிமூட்டம் ஏறி மறைத்துவிட்டது. கீழேயிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, நாலாம் நம்பரைத் திட்டி. கட்டத்தில் 19 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டேன்.