ஆர்க்கிட் இலையில் புள்ளி: மருந்துக்கு முன் கட்டைவிரல்

இலையில் புள்ளி தெரிந்ததும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். அந்த இடத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்.

வெந்த கீரைபோல் கொழகொழவென்று அமுங்கி நீர் கசிந்தால் அது பாக்டீரியா. ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பட்டாணி அளவுக் கறை சில நாளில் நடுக்குருத்தை எட்டிவிடும், குருத்து அழுகினால் செடியைக் காப்பாற்றுவது கடினம். நெருப்பில் காட்டி ஆறவைத்த பிளேடால், கறையைத் தாண்டி நல்ல பச்சையிலும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி எறியுங்கள். வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம். அது வேரில் விழுந்தால் வேரை உலர்த்திவிடும், கவனம். காயம் காயும்வரை இலையில் தண்ணீர் படக் கூடாது.

காய்ந்து, சற்றே குழிந்து, மரத்தின் ஆண்டு வளையம்போல் வட்டத்துக்குள் வட்டமாக இருந்தால் பூஞ்சை. பெரும்பாலும் இலை நுனியிலிருந்து உள்ளே இறங்கும். டென்ட்ரோபியம் என்ற இன்னொரு ஆர்க்கிட் வகையில் இலையின் மேலே மஞ்சள் திட்டும், திருப்பினால் கரி பூசியதுபோல் கறையும் தெரியும். அதனால் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மேங்கோசெப் (பூஞ்சைக்கொல்லி மருந்து), இலையின் இருபுறமும் காலையில் தெளித்து, 10 நாள் கழித்து இன்னொரு முறை. தாமிரம் கலந்த மருந்து டென்ட்ரோபியத்துக்கு ஆகாது, தளிரும் மொட்டும் கருகும்.

வெயில் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்து, பிறகு காகிதம்போல் காய்ந்து, அதற்குமேல் பரவாமல் நின்றால் அது வெயில் காயம்தான். மருந்து வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். புதிய இலையிலும் கோடுகோடாக, மொசைக்போல் திட்டுகள் தொடர்ந்தால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. கத்தரிக்கோல் வழியாகவே அடுத்த செடிக்குப் போகும் என்பதால், செடிக்குச் செடி கத்தியைச் சுட்டுவிட்டு வெட்டுங்கள்.

இனி பூ. "நல்லா பச்சைப் பசேல்னு இருக்கு, ஆனா பூக்கலை" என்ற புலம்பலிலேயே விடை இருக்கிறது. கரும்பச்சை இலை என்றால் வெளிச்சம் போதவில்லை. டென்ட்ரோபியத்தின் இலை இளம்பச்சையாக, லேசாக மஞ்சள் ஓடி இருக்க வேண்டும். மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்தால் அந்த நிறம் வரும். நிழலில் கிடந்து, உரமும் தண்ணீரும் மட்டும் கூடினால் கணுவில் பூவுக்குப் பதில் குட்டிச்செடி முளைக்கும். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு முறை, நான்காவது வாரம் வெறும் தண்ணீரால் உப்பைக் கழுவிவிட வேண்டும். வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் பூ உரம் வாங்குவது வீண் செலவு. இலை உதிர்ந்த பழைய தண்டையும் வெட்டாதீர்கள், அதிலும் பூ வரும்.

ஃபெலனாப்சிஸ் கதை வேறு. பகல் 25, இரவு 20 டிகிரி அளவில் நான்கைந்து வாரம் கிடைத்தால்தான் பூந்தண்டு கிளம்பும். 28-க்கு மேலேயே இருந்தால் இலைமட்டும் விடும். ஏற்காட்டில் எளிதாகப் பூப்பது சென்னையில் அடம்பிடிப்பது இதனால்தான்.

மொட்டு வந்தபின் தொட்டியைத் திருப்ப வேண்டாம், பூக்கள் ஆளுக்கொரு திசையில் முறுக்கிக்கொள்ளும். பழுக்கவைத்த மாம்பழம், வாழைப்பழம் பக்கத்திலும் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயுவில் மொட்டுகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும்.